கடகடவென்று வாசிக்கிறாள், அர்த்தம் கேட்டால் முழிக்கிறாள்

கேள்வி: எங்களுக்குக் குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். மகள் அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். பாடத்தைக் கடகடவென்று வாசிக்கிறாள். அர்த்தம் கேட்டால் முழிக்கிறாள். தமிழும் தடுமாற்றம்தான். இரண்டு மீடியத்துக்கும் ஒரே அறை, ஒரே மிஸ். பிள்ளைகள் எல்லாம் தனியார் பள்ளி வேனில் ஏறிப் போவதால், தமிழ் மீடியத்தை எடுத்துவிட்டு முழுக்க இங்கிலீஷ் ஆக்கிவிடலாம் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் பேச்சு. நானும் உறுப்பினர். தீர்மானத்தில் கையெழுத்துப் போடலாமா? மகளைத் தமிழ் மீடியத்துக்கு மாற்றிவிடலாமா?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். மகளை மாற்றும் முடிவை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். அதற்கு முன் அவளுக்கு எது வரவில்லை என்று பார்த்துவிட வேண்டும்.

மிஸ் இன்னும் நடத்தாத பாடத்திலிருந்து ஒரு பத்தியை எடுங்கள். நடத்திய பாடம் மனப்பாடமாகியிருக்கும், அது வேண்டாம். சத்தமாக வாசிக்கச் சொல்லி, ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் என்று எண்ணுங்கள். மூன்றாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை நிமிடத்துக்கு 60 சொல்லாவது புரிந்து வாசிக்க வேண்டும் என்பது, பிள்ளைகளின் அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான ஒன்றிய அரசின் நிபுண் பாரத் திட்டம் வைத்திருக்கும் அளவு. பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, ‘இதுல என்ன இருந்துச்சு?’ என்று தெலுங்கிலேயே கேளுங்கள். பதிலும் தெலுங்கிலேயே வரட்டும். மறுநாள் தமிழ்ப் புத்தகத்தில் இதையே செய்யுங்கள்.

மூன்றாம் நாள் கணக்கு. ஒருத்தியிடம் 8 மாம்பழம், இன்னொருத்தியிடம் 5. ‘ஹௌ மெனி மோர்?’ (எத்தனை அதிகம்?) என்று கேளுங்கள். பல பிள்ளைகள் ‘மோர்’ என்றதும் கூட்டி 13 என்று எழுதிவிடும். அதே கணக்கைத் தெலுங்கில் சொல்லுங்கள். 3 என்று பட்டென்று வந்தால் கணக்கில் குறையில்லை, கேள்வியின் மொழிதான் இடறுகிறது. தெலுங்கிலும் 13 என்றால் கணக்கையே புளியங்கொட்டை வைத்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் டியூஷனுக்கு அனுப்புவது காசுக்குக் கேடு.

அவளுடைய நோட்டையும் புரட்டுங்கள். ஒரு வாரத்து வகுப்பு வேலையில் கரும்பலகையைப் பார்த்து எழுதியது எவ்வளவு, சொந்தமாக எழுதிய வாக்கியம் எத்தனை? ஒரே அறையில் இரண்டு மீடியம் என்றால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: மிஸ் ஒரு பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மறுபக்கம் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், மண்டையில் ஒன்றும் ஏறியிருக்காது.

இங்கிலீஷ் சொல்லின் தலைமேல் பென்சிலால் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதியிருக்கிறாளா? அழித்துவிடுங்கள். கிரிக்கெட் மட்டையும் தமிழில் ‘பேட்’, தட்டிக்கொடுப்பதும் ‘பேட்’. நம் ‘ப’ இரண்டையும் ஒன்றாக்கிவிடும். தெலுங்கு பேசும் உங்கள் மகள் வாயில் அந்த இரண்டு ஒலியும் தனித்தனியாக ஏற்கெனவே இருக்கின்றன. கையில் இருக்கும் மூலதனத்தை நாமே ஏன் தொலைக்க வேண்டும்? ‘இஸ்கூல்’ என்று முன்னால் ஒட்டும் ‘இ’ பற்றிக் கவலை வேண்டாம், அது போகப் போகச் சரியாகும்.

இனி தினமும் 20 நிமிடம். பாடநூல் கழகம் அச்சிடும் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் புத்தகங்களுக்குத் தமிழ், இங்கிலீஷ் இரண்டு பதிப்பும் உண்டு, பாடம் ஒன்றேதான். பக்கத்து பெஞ்சுப் பிள்ளையின் தமிழ்ப் புத்தகத்தை வாங்குங்கள், அல்லது இணையத்தில் இலவசமாக இறக்குங்கள். நாளை நடக்கப்போகும் பாடத்தை இன்று தமிழில் வாசித்து, தெலுங்கில் இரண்டு வார்த்தை பேசுங்கள். பிறகு இங்கிலீஷ் பக்கத்தைத் திறந்து ஐந்தே ஐந்து சொல், படத்தோடு. பத்து வேண்டாம், பத்து கொடுத்தால் மறுநாள் மூன்றுதான் மிஞ்சும். கடைசியில் அந்தச் சொற்களை வைத்து அவளாக இரண்டு வாக்கியம் வாயால் சொல்ல வேண்டும். எழுதுவது அப்புறம். கைவேலை பார்த்துக்கொண்டே கேட்கலாம், உங்களுக்கு இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. வாரம் ஒரு நாள் புத்தகமே வேண்டாம். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் பார்த்ததைத் தெலுங்கில் பத்து வாக்கியம், தமிழில் ஐந்து, இங்கிலீஷில் இரண்டு சொல்லட்டும்.

மீடியம் மாற்றுவதைப் பற்றி. ஒரு மாதம் கழித்துத் தமிழில் படித்ததை நன்றாகத் திருப்பிச் சொல்லி, இங்கிலீஷில் மட்டும் திணறினால், நான்காம் வகுப்புக்குத் தமிழ் மீடியம்தான் நல்லது. இங்கிலீஷ் அங்கேயும் ஒரு பாடமாக இருக்கத்தான் போகிறது. இரண்டிலும் ஒரே அளவு திணறினால் மாற்றுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை, வாசிப்பையே அடியிலிருந்து கட்ட வேண்டும். தொடக்க வகுப்புகளுக்கான தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிக்கிறார்கள். தமிழில் எந்த நிலை, இங்கிலீஷில் எந்த நிலை என்று மிஸ்ஸிடம் தனித்தனியாகக் கேளுங்கள். இன்னொரு விஷயம் பெற்றோர் பலருக்கும் பிந்தித்தான் தெரியவருகிறது. அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழிச் சான்று கேட்கிறார்கள். உங்கள் மகளுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவம், பொறியியலில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீதம் வேறு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால் போதும், மீடியம் பார்ப்பதில்லை.

இப்போது கூட்டத்துக்கு வருவோம். கல்வி உரிமைச் சட்டம் 2009 குழுவுக்குக் கொடுத்த வேலை பள்ளியைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் போடுவது, நிதிச் செலவைப் பார்ப்பது. மீடியத்தை எடுப்பது அந்தப் பட்டியலில் இல்லை. பயிற்றுமொழி இயன்றவரை தாய்மொழியாக இருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 29ஆம் பிரிவு சொல்கிறது. ஆசிரியர் கணக்கும் தலைக்கணக்குதான்: 60 பிள்ளைகள் வரை இரண்டு பேர், 61 முதல் 90 வரை மூன்று. மீடியத்தை மாற்றினால் புது டீச்சர் வந்துவிடுவார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இங்கிலீஷ் ஆக்கினால் பிள்ளைகள் வேனில் ஏற மாட்டார்கள் என்ற வாதமும் நிற்காது. வேன் மூன்றரை வயதிலேயே எல்.கே.ஜி.க்குப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. நாம் ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பில் போர்டை மாற்றி எழுதி யாரைத் தடுக்கப் போகிறோம்? அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் இங்கிலீஷ் மீடியம் பரவலாக வந்துவிட்டது, வேன்கள் குறைந்த மாதிரி தெரியவில்லை.

‘சின்ன வயசுலயே இங்கிலீஷ்ல முக்கி எடுத்தா தானா வந்துடும்’ என்று கூட்டத்தில் ஒருவர் நிச்சயம் சொல்வார். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1998இல் வாக்கெடுப்பு நடத்தி, ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பாடம் என்று சட்டம் போட்டது. 2016இல் இன்னொரு வாக்கெடுப்பில் அந்தக் கட்டுப்பாட்டை மக்களே எடுத்துவிட்டார்கள். பேச்சு ஆங்கிலம் சுமார் இரண்டு வருடத்தில் வரும், பாடம் படிக்கும் ஆங்கிலத்துக்கு ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும் என்பது கனடாவின் மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் சொன்ன கணக்கு. அதுவும் கடை, பஸ், விளையாட்டு எல்லாவற்றிலும் ஆங்கிலம் காதில் விழும் ஊர்களில். குடியாத்தம் பஜாரில் யார் இங்கிலீஷில் தக்காளி விலை கேட்கிறார்கள்?

அதற்குப் பதிலாக நீங்களே ஒரு தீர்மானம் கொண்டுபோங்கள். ஒரே அறை, ஒரே மிஸ் என்பதைக் குறையாக மட்டும் பார்க்காமல் பயன்படுத்திக்கொள்ளலாம். அன்றைய பாடம் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றே என்பதால், முதல் 15 நிமிடம் எல்லாருக்கும் தமிழில், பொருளையும் படத்தையும் காட்டிச் சொல்லித்தரட்டும். அடுத்த 10 நிமிடம் இங்கிலீஷ் சொற்கள், அதுவும் எல்லாருக்கும். தமிழ் மீடியப் பிள்ளைகளும் கேட்கட்டும். பிறகு அவரவர் புத்தகம். பார்த்து எழுதுவது நாளுக்கு அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். ‘இரண்டு பிரிவும் தொடரும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பு நிலையும் குழுவின் முன் வைக்கப்படும்’ என்று தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்து, நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். கூட்டத்துக்கு முந்தைய நாளே இன்னும் நான்கு அம்மாக்களிடம் பேசிவிடுங்கள். அவர்கள் வீட்டிலும் அந்த மாம்பழக் கணக்கைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.