செப்டிக் டேங்க் சென்சார் எப்போதும் ‘ஃபுல்’ காட்டினால் என்ன செய்வது?

கேள்வி: நாகமலை புதுக்கோட்டையில் சொந்த வீடு. எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது. செப்டிக் டேங்க் எப்போது நிறைகிறது என்று தெரிந்துகொள்ள ஆன்லைனில் 4,200 ரூபாய்க்கு ஒரு சென்சார் வாங்கிப் பொருத்தினேன். பொருத்திய நாளிலேயே ‘ஃபுல்’ என்று சிவப்பு விளக்கு எரிந்தது. லாரியை வரவழைத்து முழுதாக எடுத்தோம். மூன்றே வாரத்தில் மறுபடி சிவப்பு. மறுபடி லாரி. விற்றவரோ, “பொருளில் பழுது இல்லை, திரும்ப எடுக்க முடியாது” என்கிறார். என் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்க வழி இருக்கிறது. ஆனால் ‘சென்சார் பழுது’ என்று புகார் எழுதினால் தோற்றுவிடுவீர்கள். உங்கள் சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

செப்டிக் டேங்க், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைப் போல நிறைந்து காலியாகும் தொட்டி அல்ல. அது எப்போதும் நிறைந்தே இருக்க வேண்டும். ஒரு பக்கம் கழிவு உள்ளே வர, அதே அளவு தெளிந்த நீர் மறுபக்கக் குழாய் வழியாக ஊறல் குழிக்குப் போகும். கனமானது அடியில் கசடாகப் படியும், எண்ணெயும் நுரையும் மேலே ஆடையாக மிதக்கும், நடுவில் இருப்பது தண்ணீர். முழுக்க எடுத்த தொட்டி இரண்டு மூன்று வாரத்தில் வெளிக்குழாய் மட்டம் வரை திரும்ப ஏறிவிடுவது இயல்பு. அதைப் பார்த்து லாரியைக் கூப்பிட்டால் ஆண்டு முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நமக்குத் தெரிய வேண்டியது தண்ணீர் மட்டம் அல்ல, கசடின் கனம். கசடும் மேல் ஆடையும் சேர்ந்து தொட்டியின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் எடுக்க வேண்டும். அளவாகக் கட்டிய தொட்டியில், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இது பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும். அளக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். நீளமான ஒரு கம்பின் அடிப்பகுதியில் மூன்று நான்கு அடிக்குப் பழைய வெள்ளைத் துணியை இறுக்கிச் சுற்றி, அடிவரை இறக்கி, சில நிமிடம் விட்டு மெதுவாகத் தூக்குங்கள். கசடு இருக்கும் உயரம் வரை துணியில் கருப்பு ஒட்டியிருக்கும். அதை அளந்து, தேதியோடு சுவரில் எழுதி வையுங்கள்.

இங்கே ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். மூடியைத் திறந்ததும் குனிந்து பார்க்காதீர்கள், தீக்குச்சி, டார்ச்சுக்குப் பதில் மெழுகுவர்த்தி எதுவும் வேண்டாம். உள்ளே மீத்தேன் இருக்கும், அது எரியும். ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும், அளவு கூடினால் மூக்குக்கு அதன் வாடையே தெரியாமல் போய்விடும், ஆளையும் சாய்த்துவிடும். துணி முகமூடி எதையும் தடுக்காது. அளக்கத் தயக்கமாக இருந்தால், அடுத்த முறை லாரி வரும்போது அவர்களையே மேலே நின்றபடி அளந்து காட்டச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் பணத்துக்கு வருவோம். விற்பனைப் பக்கத்தில் ‘செப்டிக் டேங்கை எப்போது சுத்தம் செய்ய வேண்டும் என்று காட்டும்’ என்பது போல ஏதாவது எழுதியிருந்ததா? இருந்தால் இப்போதே படம் எடுத்து வையுங்கள், நாளை மாற்றிவிடுவார்கள். 2020-இன் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. ‘பழுது’ என்ற சொல்லை விட்டுவிட்டு, ‘விளம்பரம் சொன்ன வேலையை இந்தப் பொருளால் செய்யவே முடியாது’ என்று அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே வழக்குப் போடலாம். பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். தேவையில்லாமல் வந்த இரண்டாவது லாரியின் ரசீதையும் சேர்த்துக் கேளுங்கள்.

சென்சாரையே வைத்துக்கொள்ள நினைத்தால் ஒரு பயன் உண்டு. வெளிக்குழாய் மட்டத்துக்கு நான்கு விரல் மேலே பொருத்துங்கள். அப்போது விளக்கு எரிந்தால் ஊறல் குழியோ குழாயோ அடைத்திருக்கிறது என்று பொருள். கழிப்பறையில் தண்ணீர் பின்வாங்கி வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

கேள்வி: லாரிக்காரர் ‘இரண்டு லோடு’ என்று பணம் வாங்கினார். அது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (ஆனையூர் வாசகி)

பதில்: என் வீட்டிலும் இதேதான் நடந்தது. பணம் கொடுத்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. நீங்கள் முன்னாலேயே போட்டுவிடுங்கள். தொட்டியின் நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி, 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர். 8 அடி, 4 அடி, 5 அடி என்றால் 160 கன அடி, அதாவது சுமார் 4,500 லிட்டர். லாரி டேங்கின் கொள்ளளவைப் போனிலேயே கேளுங்கள். 6,000 லிட்டர் லாரி என்றால் ஒரு லோடு போதும், 3,000 என்றால் இரண்டு நியாயம். தொகை, லோடு, கழிவைக் கொண்டுபோய் விடும் இடம் மூன்றையும் பேசிவிட்டுத்தான் மூடியைத் திறக்க விடுங்கள்.

மூன்றாவதை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், மதுரைக்கு அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அங்கே போகாமல் கண்மாயிலோ வரத்துக் கால்வாயிலோ திறந்துவிட்டால், அது நம் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும்தான் திரும்பி வரும். உரிமம் இருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள். உரிமம் பெற்ற வண்டிக்கு 14420 என்ற எண்ணில் பேசலாம்.

இன்னொன்று: “அடியில் கெட்டியாக இருக்கிறது, ஆளை இறக்கினால் சுத்தமாகும்” என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது குற்றம். முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து உறிஞ்ச முடியும். கொஞ்சம் கசடு மிச்சமிருந்தால் இருக்கட்டும். ஒரு மனிதரின் உயிரை விட அந்த ஓரடிக் கசடு பெரிதல்ல.

கேள்வி: நாங்கள் மதுரைக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து, குடும்பத்தோடு போய்வர ஆலப்புழையில் ஒரு சின்னப் படகு வீடு வாங்கியிருக்கிறோம். அதன் கழிவுத் தொட்டி மீட்டர், காலி செய்த பிறகும் முக்கால் என்றே நிற்கிறது. புது மீட்டர் வாங்கலாமா?

பதில்: படகில் கதை தலைகீழ். அங்கே வெளிக்குழாய் கிடையாது. வருவதெல்லாம் கரையில் உறிஞ்சி எடுக்கும் வரை உள்ளேயே இருக்கும் என்பதால், மட்டம்தான் எல்லாம். மீட்டர் பொய் சொன்னால் தொட்டி வழியும். வேம்பநாட்டுக் காயல் 2002 முதல் ராம்சர் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமானவை என்று பட்டியலிட்ட ஈரநிலங்களில் ஒன்று. அதற்கும் முன்பிருந்தே அந்தக் கரையில் குளித்து, மீன்பிடித்து வாழ்கிற மக்கள் இருக்கிறார்கள்.

புதிது வாங்குமுன் பழையதைக் கழுவிப் பாருங்கள். தொட்டிச் சுவரில் திருகிய உலோக முனைகள் கொண்ட மீட்டர் என்றால், அவற்றின் மேல் காகிதமும் பிசுக்கும் படிந்து, ஈரப் படலமே மின்சாரத்தைக் கடத்திவிடும். தொட்டி காலியானாலும் முக்கால் காட்டுவது பெரும்பாலும் இதனால்தான். நல்ல தண்ணீர் நிரப்பி, சிறிது நேரம் படகை ஓட்டி அலசி, மறுபடி உறிஞ்சச் சொல்லுங்கள். அப்படியும் மாறாவிட்டால், தொட்டி பிளாஸ்டிக்கோ ஃபைபரோ ஆக இருக்கும்பட்சத்தில் வெளியே ஒட்டும் பட்டை வகை சென்சார் வாங்கலாம். கழிவு அதைத் தொடாது. உலோகத் தொட்டிக்கு அது வேலை செய்யாது.

எதை வைத்தாலும், காலியான தொட்டியில் 20 லிட்டர் வாளியால் நல்ல தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு வாளிக்கும் மீட்டர் என்ன காட்டுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். படகின் வளைவுக்கு ஏற்பச் சரிவாகச் செய்த தொட்டியில் ‘அரை’ என்பது பாதிக் கொள்ளளவாக இருக்காது. எல்லோரும் ஒரு பக்கம் நின்று வேடிக்கை பார்க்கும்போது மீட்டரைப் படிக்காதீர்கள், படகு சாய்ந்தால் கணக்கும் சாயும். முக்கால் ஆனதும் கரைக்குப் போய்விடுங்கள்.

வாடை வந்தால் தொட்டியைச் சந்தேகிப்பதற்கு முன் குழாயைப் பாருங்கள். வெந்நீரில் நனைத்த துணியால் ரப்பர் குழாயைத் துடைத்து, ஆறியதும் அந்தத் துணியை முகர்ந்தால் போதும். வாடை அடித்தால் குழாய் ஊறிப்போய்விட்டது, அதை மாற்றுங்கள்.

கேள்வி: செப்டிக் டேங்கில் மாதம் ஒரு பாக்கெட் பவுடர் போட்டால் லாரியே வேண்டாம் என்கிறார்களே? (ஒத்தக்கடை)

பதில்: வாங்காதீர்கள். கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் கழிவோடேயே வந்துசேர்கின்றன. எந்தப் பவுடரும் கசடு எடுப்பதைத் தவிர்க்காது. அந்தக் காசுக்குக் கழிப்பறையில் ஆசிடும் பிளீச்சிங்கும் கொட்டுவதைக் குறையுங்கள், உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் பிழைக்கும்.