புலி, யானையைக் காப்பாற்றினால் போதாதா? தவளைக்கும் பாம்புக்கும் எதற்கு இவ்வளவு பேச்சு?

நீங்கள் கீழே சமவெளியில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் வால்பாறையில் எஸ்டேட் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவன், இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

எட்டாவது படிக்கும்போது, ஜூலை மழையில் எங்கள் வாசல்படிக்கு ஒரு பாம்பு வந்தது. கறுப்பாக, விரல் தடிமன், வாலை யாரோ நறுக்கிவிட்ட மாதிரி மொட்டை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "இருதலைடா, நக்கினா குஷ்டம் வரும்" என்று கத்தினார். விறகுக்கட்டையை எடுத்து அடித்தது நான்தான். வயிறு பிளந்து உள்ளே இருந்து நாலைந்து குட்டிகள் நெளிந்தன. அம்மா அன்று இரவு என்னிடம் பேசவே இல்லை.

அது கேடயவால் பாம்பு என்று பல வருஷம் கழித்துத்தான், இரவில் டார்ச்சோடு ரோட்டில் பாம்பு தேடிக்கொண்டிருந்த ஓர் ஆராய்ச்சி மாணவர் சொல்லித் தெரிந்தது. விஷமே கிடையாது, மண்புழுதான் சாப்பாடு. சொரசொரப்பான அந்த வால் நுனியில் மண் ஒட்டிக்கொள்ளும், வளைக்குள் போகும்போது அதுவே மூடி. இந்தக் குடும்பத்தில் 50க்கும் மேற்பட்ட இனங்கள், எல்லாமே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான். உலகத்தில் வேறெங்கும் இல்லை.

தவளைக்கு வருகிறேன். எங்கள் சோலைக் காட்டில் ஒரு வகைப் புதர்த்தவளைக்குத் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை, ஈரமான இலைச்சருகில் முட்டை, முட்டைக்குள்ளிருந்து நேராகக் குட்டித் தவளை. சருகு காய்ந்தால் முட்டையும் காய்ந்துபோகும். யானை பக்கத்துக் காட்டுக்கு நடந்து போய்விடும், நகம் அளவுத் தவளை தேயிலைத் தோட்டத்தைத் தாண்டி எங்கே போகும்? 2023ல் வந்த உலக மதிப்பீட்டின்படி, தவளை முதலான நீர்நில வாழ்விகளில் 41 சதவீதம் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. வருஷம் முழுக்க மண்ணுக்குள் கிடந்து முதல் மழைக்குச் சில நாள் மட்டும் வெளியே வரும் ஊதாத் தவளையை அறிவியல் உலகம் 2003ல்தான் பெயரிட்டது, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் அதன் இன்னோர் இனம் 2017ல். புலிக்கு ஒதுக்கிய காட்டுக்குள் இவையும் பிழைத்துக்கொள்ளும் என்பீர்கள். ஓரளவு சரி. ஆனால் எஸ்டேட்டுக்கு நடுவே துண்டு துண்டாக நிற்கும் சோலைகளில் புலிக்கு இடமில்லை, இவற்றுக்கு அதுதான் வீடு.

உடனே "உன் வீட்டுக்குள் நாகம் வந்தால் கொஞ்சுவாயா" என்று கேட்க வராதீர்கள். பாம்பு கடித்தவரைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் நாங்கள், பயம் எங்களுக்கும் உண்டு.

மழைக்காலத்தில் வந்தால் இரவில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். ரோட்டில் கறுப்பாக ஒரு துண்டுக் கயிறு கிடந்தால் ஏற்றிவிடாதீர்கள், நிறுத்திப் பாருங்கள்.