சோளத்தில் சுடுமல்லி: பருத்தி போட்டால் போகுமா?

கேள்வி: மானாவாரிச் சோளத்தில் மூன்று வருஷமாகச் சுடுமல்லி (பயிரின் வேரில் ஒட்டி உறிஞ்சி வாழும் களை). பார்த்த உடனே பிடுங்கினாலும் பயிர் தேறுவதில்லை. ஒரு போகம் பருத்தி போட்டால் ஒழிந்துவிடும் என்கிறார் பக்கத்துக் காட்டுக்காரர். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். பருத்தியால் குறையும், ஆனால் ஒரு போகத்தில் ஒழியாது.

மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்தால் சோள வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளை மிக மிகச் சிறிய அளவில் கசியவிடும். அது வேர்ப்பூசணத்துக்கு விடும் அழைப்பு. பூசண இழைகள் கிளைத்து வந்து வேருக்குள் குடியேறும். வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கூலியாகச் சர்க்கரையும் கொழுப்பும் வாங்கிக்கொள்ளும்.

இதைச் சுடுமல்லி விதை ஒட்டுக் கேட்கிறது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத தூசி விதை அது. அதற்குள் இருக்கும் சாப்பாடு சில நாளுக்குத்தான் வரும். அதனால் பக்கத்தில் வேர் இருப்பது தெரியாமல் முளைக்காது. பத்து வருஷத்துக்கு மேல்கூட மண்ணிலேயே கிடக்கும். முளைத்ததும் வேரில் ஒட்டி உறிஞ்சத் தொடங்கிவிடும். உங்கள் கண்ணில் படுவது அதற்குச் சில வாரம் கழித்துத்தான். பிடுங்கியும் பயிர் தேறாதது இதனால்தான்.

பருத்தி வேரும் இதே வகைப் பொருளைக் கசியவிடும். சொல்லப்போனால், 1966-ல் இது முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டதே பருத்தி வேர்க் கசிவிலிருந்துதான். (பூசணத்துக்கான அழைப்பு இது என்று புரிய 2005 ஆகிவிட்டது. அதுவரை, செடி ஏன் தன் எதிரியை எழுப்பிவிடுகிறது என்பதே புதிராக இருந்தது.) பருத்தியில் சுடுமல்லியால் ஒட்டி வளர முடியாது. ஏமாந்து முளைத்த விதை பட்டினியில் சாகும். ஆனால் வேருக்கு மிக அருகில், ஈரத்தில் ஒன்றிரண்டு வாரம் ஊறிய விதைதான் இப்படி ஏமாறும். மற்றவை அப்படியே இருக்கும். ஆகவே பருத்தியைச் சில வருஷம் பயிர்ச்சுழற்சியில் வைத்திருங்கள். சோளத்துக்குப் பதில் மக்காச்சோளம், கம்பு, கரும்பு என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள். அவற்றிலும் இது ஒட்டும்.

அடுத்த முறை சோளம் போடுமுன் மண் பரிசோதனை செய்து, மணிச்சத்தும் தழைச்சத்தும் குறையாமல் கொடுங்கள். பசி தீர்ந்த வேர் அதிகம் கூப்பிடாது. வேர்ப்பூசணம் குடியேறிய வேரும் கசிவைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் வேம் (VAM) எனப்படும் வேர்ப்பூசண உரம் இடுவதும் நல்லதே. உரம் வாங்கக் கையில் பணம் குறைவு என்றால் மணிச்சத்துக்கு முதலிடம் கொடுப்பேன்.

அப்புறம், பிடுங்குவதை விடாதீர்கள். இந்த வருஷப் பயிருக்கு அதனால் பெரிய லாபம் இல்லைதான். ஆனால் பூக்க விட்டால் ஒரே செடி 50,000 விதைக்கு மேல்கூட உதிர்க்கும். பூத்துவிட்டதை எரித்துவிடுங்கள். மாட்டுக்குப் போட்டால் விதை சாணத்தோடு குப்பைக்குழிக்குப் போய், எருவோடு காட்டுக்கே திரும்பிவிடும்.