பின்மண்டையில் அடிக்கும் மேக்பையும் சைக்கிளும்

கேள்வி: மெல்பர்ன் வந்து ஆறு வாரம் ஆகிறது. க்ளேட்டனில் அறை, வகுப்புக்கும் டெலிவரி வேலைக்கும் சைக்கிள்தான். பூங்கா ஓரப் பாதையில் ஒரு கறுப்பு வெள்ளைப் பறவை மூன்று நாளாகப் பின்னாலிருந்து பறந்து வந்து ஹெல்மெட்டில் அடிக்கிறது. நடந்து போகிறவர்களை ஒன்றும் செய்வதில்லை. கல்லெடுத்து எறிந்தால் பயந்துவிடுமா, இல்லை சைக்கிளையே விட்டுவிடவா?

கல்லை முதலில் கீழே போடுங்கள் தம்பி. அது மேக்பை, இந்த ஊர் மண்ணின் பறவை. விக்டோரியாவில் 1975-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. அடிப்பது, பிடிப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாமே குற்றம். சட்டத்தை விடுங்கள், கல் எறிவதில் காரிய லாபமும் கிடையாது. மேக்பை மனித முகத்தை அடையாளம் வைத்துக்கொள்ளும். இருபது வருடம்கூட வாழக்கூடிய பறவை, வருடக்கணக்கில் ஒரே வட்டாரத்தைவிட்டு நகராது. இன்றைக்கு உங்களை வெறும் சைக்கிள்காரராகப் பார்ப்பது நாளைக்கு ஆள் பார்த்து அடிக்கும்.

ஐரோப்பாவிலும் மேக்பை உண்டு. அது காக்கைக் குடும்பம், இது அல்ல. கறுப்பு வெள்ளையைப் பார்த்துவிட்டுக் குடியேறிய வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயரை இதற்குச் சூட்டிவிட்டார்கள். ஆனால் நடத்தை நமக்குப் புதிதல்ல. நம்மூரில் காக்கை கூடு வைத்திருக்கும் வேப்பமரத்தடியில் போனால் உச்சந்தலையில் தட்டிவிட்டுப் போகுமே, அதே சங்கதிதான்.

இந்தத் தாக்குதல் கூடு வைக்கும் காலத்தில் மட்டும்தான். மெல்பர்னில் ஆகஸ்ட் பாதியில் தொடங்கி செப்டம்பரில் உச்சத்துக்குப் போய், அக்டோபர் கடைசியில் தணியும். பிரிஸ்பேனில் ஜூலையிலேயே ஆரம்பித்துவிடும். முட்டை பொரிக்க மூன்று வாரம், குஞ்சு கூட்டைவிட்டு இறங்க இன்னும் நான்கு வாரம். ஆகவே ஒரு கூட்டுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் என்று கணக்கு வையுங்கள். மற்ற மாதங்களில் இதே பறவை கல்லூரிப் புல்வெளியில் உங்கள் காலடியில் புழு பொறுக்கிக்கொண்டு நடக்கும்.

தாக்குவது பெரும்பாலும் ஆண் பறவை. பெண் அந்த நேரம் முட்டைமேல் உட்கார்ந்திருக்கும். ஆண்களிலும் பத்தில் ஒன்றுதான் மனிதரிடம் வம்புக்கு வரும், மீதி ஒன்பது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். வம்புக்கு வருவதிலும் தனித்தனிப் பகை உண்டு. ஒன்று நடப்பவரை மட்டும் விரட்டும், ஒன்று தபால்காரரின் வண்டியை மட்டும், ஒன்று சைக்கிளை மட்டும். நடப்பவரை ஒன்றும் செய்யவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால் உங்களுக்கு வாய்த்தது மூன்றாவது வகை. ஒரு விதத்தில் அது நல்ல செய்தி, ஏனென்றால் அதற்கு மருந்து உங்கள் காலிலேயே இருக்கிறது.

கூட்டிலிருந்து நடப்பவரை ஏறத்தாழ 110 மீட்டருக்குள்ளும், சைக்கிளை 150 மீட்டருக்குள்ளும் விரட்டும் என்பது இங்கே பொதுவாகச் சொல்லப்படும் அளவு. பாதை கூட்டு மரத்தை ஒட்டிப் போனால் மரத்துக்கு இந்தப் பக்கம் 150, அந்தப் பக்கம் 150, ஆக மொத்தம் 300 மீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டரில் போனால் அதைக் கடக்க 54 விநாடி. இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தால் நான்கு நிமிடத்துக்குள். இடையில் இருக்கும் அந்த மூன்று நிமிடத்தை மிச்சம் பிடிக்கத்தான் ஆட்கள் விழுகிறார்கள்.

மூக்கால் வரும் காயம் பெரும்பாலும் காது மடலிலோ கழுத்திலோ ஒரு கீறல். உண்மையான ஆபத்து விழுவதில். 2019 செப்டம்பரில் வலங்காங் பக்கம் வூனோனாவில் 76 வயதுக்காரர் ஒருவர் மேக்பையிடமிருந்து தப்பப் பாதையைவிட்டு விலகி, வேலிக் கம்பத்தில் மோதி விழுந்து, தலைக்காயத்தில் இறந்துபோனார். பறவையிடம் அடி வாங்கினாலும் ஹேண்டில்பாரைத் திருப்பாதீர்கள். பின்னால் கார் வரும் சாலையில் இது இன்னும் முக்கியம்.

அது வருகிற முறையைத் தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும். பின்னாலிருந்து, சிறகடிக்காமல், தாழ்வாக மிதந்து வரும். வெயில் முதுகுப்பக்கம் இருந்தால் முதலில் நிழல்தான் தரையில் உங்களை முந்தும். அடுத்து காதோரம் 'டக்' என்று ஒரு சத்தம், இரண்டு மரக்கட்டையைத் தட்டினாற்போல. அது மூக்கை அடித்து மூடுகிற ஓசை, எச்சரிக்கை. பல பறவைகள் இதோடு நிறுத்திக்கொள்ளும். நிறுத்தாதது சிறகுக் காற்று பிடரியில் படும் அளவுக்கு வந்து ஹெல்மெட்டில் மோதிவிட்டு எதிர்மரத்துக்கு ஏறி, அங்கிருந்து மறுபடி வரும். காதில் இயர்போன் இருந்தால் அந்த 'டக்' கேட்காது, நேரே அடிதான் விழும். அதிர்ச்சியில் பிரேக்கை அழுத்திக் கவிழ்வது இப்படித்தான்.

மரம் தெரிந்துவிட்டது என்றால் 150 மீட்டருக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். முழுசாக நின்று இறங்குங்கள். ஓடுகிற வண்டியிலிருந்து காலைத் தூக்கிக் குதிக்க வேண்டாம். இறங்கியதும் பலரும் செய்யும் தவறு, வேர்க்கிறது என்று ஹெல்மெட்டைக் கழற்றுவது. கழற்றாதீர்கள். நடக்கும்போது பறவையைப் பார்த்துக்கொண்டே நடங்கள். பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தால் பெரும்பாலும் வராது, அது தேடுவது முதுகைத்தான். ஓட்டும்போது மட்டும் திரும்பிப் பார்க்காதீர்கள். கண்ணில் காயம் படுவது திரும்பிப் பார்த்த முகத்துக்குத்தான். கையை வீசுவதும் கத்துவதும் அதைக் கிளப்பிவிடும்.

எதிர்பாராமல் நடுவில் மாட்டிக்கொண்டால் இரண்டு கையும் ஹேண்டில்பாரில், தலை குனிந்து, கண் பாதையில், போன கோட்டிலேயே போங்கள். பத்திரமாக நிற்க இடம் வந்ததும் நின்று இறங்குங்கள். சாலையிலிருந்து நடைபாதைக்கு ஏறித் தப்பினால் அங்கே தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். விக்டோரியாவில் பெரியவர்கள் நடைபாதையில் சைக்கிள் ஓட்டக் கூடாது, கூடவே சின்னப்பிள்ளை ஓட்டி வந்தால் தவிர.

சாமான்களில் முதலில் வாங்க வேண்டியது கண்ணாடி. பக்கவாட்டையும் மறைக்கும் வளைந்த பாலிகார்பனேட் கண்ணாடி. பன்னிங்ஸ் மாதிரி ஹார்டுவேர் கடையில் வேலையாட்கள் போடும் பாதுகாப்புக் கண்ணாடியே போதும், ஏஎஸ்/என்ஸெட்எஸ் 1337 என்ற ஆஸ்திரேலிய-நியூசிலாந்து தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். நிறமில்லாததாக ஒன்று எடுத்தால் மேகம் மூடிய நாளிலும் போடலாம். ஹெல்மெட்டில் ஏஎஸ்/என்ஸெட்எஸ் 2063 இருக்க வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினால் அபராதம், பறவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். தாடைப் பட்டை தளர்ந்திருந்தால் மோதலில் ஹெல்மெட் நெற்றிக்குச் சரிந்து கண்ணை மறைக்கும். இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்குங்கள்.

முள்ளம்பன்றி மாதிரி ஹெல்மெட்டில் கேபிள் டை (ஒயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை) குத்திக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது பறவையை வராமல் தடுக்கும் என்று நம்ப வேண்டாம். சில பறவை கொஞ்சம் விலகி அடிக்கும், சில பறவை கண்டுகொள்ளாது. மூக்குக்கும் ஹெல்மெட்டுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி கிடைக்கும், அவ்வளவுதான். போடுவதென்றால் 25-30 செ.மீ நீளத்தில் பத்துப் பன்னிரண்டு எடுத்து, காற்றுத் துளைகளுக்கு இடையிலுள்ள பட்டையைச் சுற்றி இறுக்குங்கள். பூட்டுத்தலை வெளிப்பக்கம் இருக்கட்டும், உள்ளே இருந்தால் விழும்போது மண்டையில் அழுத்தும். வால் மேலும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், முன்பக்கம் வேண்டாம். ஹெல்மெட்டில் புதிதாகத் துளை போடக் கூடாது. பின்சக்கரத்தோடு கட்டும் உயரமான கொடிக்கம்பு என் கணக்கில் இதைவிட மேல், பறவை பெரும்பாலும் உயர்ந்து நிற்பதையே குறிவைக்கும். டெலிவரிப் பை முதுகில் இருந்தால் கழுத்துக்கு அது ஒரு கவசம், தலைக்கு அல்ல.

இதையெல்லாம்விடச் சுலபம் இரண்டு தெரு சுற்றிப் போவது. மேக்பை அலர்ட் என்ற இணையதளத்தில் அடி வாங்கியவர்களே வரைபடத்தில் இடம் குறிக்கிறார்கள். விக்டோரியா அரசும் இதற்கென்று ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. இரண்டையும் பார்த்துப் பாதையை மாற்றுங்கள், உங்கள் மரத்தையும் குறித்துவிடுங்கள். பள்ளிக்கூட வாசல் மாதிரி இடத்தில் ரத்தம் வரும் அளவுக்குத் தாக்கினால் உள்ளூர் மன்றத்திடம் (கவுன்சில், நம்மூர் நகராட்சி மாதிரி) சொல்லலாம், பெரும்பாலும் எச்சரிக்கைப் பலகை வைப்பார்கள். அபூர்வமாக ஆண் பறவையைப் பிடித்து வெகுதூரம் கொண்டுபோய் விடுவதும் உண்டு. பிரிஸ்பேனில் கிரிஃபித் பல்கலைக்கழகத்தின் டேரில் ஜோன்ஸ் இதை ஆராய்ந்தபோது, காலியான இடத்துக்கு வேறொரு ஆண் வந்து, தன் குஞ்சல்லாத குஞ்சுகளுக்கு இரை ஊட்டியது தெரிந்தது.

இறைச்சி போட்டுச் சிநேகம் பிடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வெறும் அரைத்த கறியில் சுண்ணாம்புச்சத்து கிடையாது, குஞ்சின் எலும்புக்கு ஆகாது. ரொட்டியும் வேண்டாம்.

விளையாட்டு மைதானத்தின் நடுவில், கண்ணோரம் மஞ்சள் தோல் தொங்க, கத்திக்கொண்டே நேர் எதிரே பறந்து வருவது வேறு பறவை. இங்கே ப்ளவர் என்பார்கள், நம்மூர் ஆட்காட்டிக் குருவியின் பங்காளி. கூடு வெறும் புல்தரையில் இருக்கும். சிறகில் முள் உண்டு, ஆனாலும் முக்கால்வாசி மிரட்டல்தான். ஓரமாகச் சுற்றிப் போங்கள்.

கீறலை சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். கண்ணில் பட்டால் கதை வேறு. தேய்க்கக் கூடாது, அழுத்தக் கூடாது, கண்ணைத் தொடாதபடி ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கிழக்கு மெல்பர்னில் உள்ள ராயல் விக்டோரியன் கண் காது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். துளை சின்னதாகத் தெரிந்தாலும், வலி குறைந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். மாணவர் காப்பீட்டு அட்டை போனிலேயே இருக்கட்டும்.

மெல்பர்னில் பெரும்பாலும் அக்டோபர் முடிவதற்குள் சாம்பல் முதுகுக் குஞ்சுகள் புல்லில் இறங்கி, தாய் தகப்பன் பின்னால் இரை கேட்டு முனகிக்கொண்டே நடப்பதைப் பார்ப்பீர்கள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் பொறுத்து அந்தப் பாதையில் ஓட்டிப் பாருங்கள். மரத்தை மட்டும் மறக்காதீர்கள், அடுத்த ஆகஸ்ட்டிலும் அதையொட்டித்தான் கூடு கட்டும்.