படத்தில் பார்த்த இடத்துக்கு ஒரு நாள்: வாசகர் கேள்வி பதில்

படப்பிடிப்பு நடந்த இடங்களையும் ஒரு ஸ்டுடியோவையும் வழிகாட்டியோடு ஒரே நாளில் சுற்றிப் பார்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: ஒரு நிறுவனம் 14 லொகேஷன் காட்டுகிறோம் என்கிறது. இன்னொன்று 5 இடம்தான் தருகிறது. இரண்டிலும் ஸ்டுடியோ உண்டு, கட்டணமும் ஏறக்குறைய ஒன்றுதான். 14 லாபம்தானே?

பேப்பரும் பேனாவும் எடுத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்பது மணி நேரச் சுற்றுலா என்றால் 540 நிமிடம். ஆட்களை ஆங்காங்கே ஏற்றிக்கொள்ள 40, சாப்பாட்டுக்கு 45, ஸ்டுடியோவுக்குக் குறைந்தது 120. மிச்சம் 335. ஒவ்வொரு இடத்துக்கும் 15 நிமிட ஓட்டம் என்று தாராளமாகவே வைத்தாலும் 14 இடங்களுக்கு 210 நிமிடம் சாலையில் போய்விடும். கையில் நிற்பது 125 நிமிடம், அதாவது இடத்துக்கு ஒன்பது நிமிடம்கூட இல்லை. ஒரு வேன் ஆட்கள் இறங்கி ஏறுவதற்கே அதில் நாலு நிமிடம் போகும்.

ஐந்து இடம் என்றால், ஓட்டத்துக்கு இருபது இருபது நிமிடம் ஒதுக்கினாலும் இடத்துக்கு முக்கால் மணி நேரம் கிடைக்கும். 14 என்ற எண் எப்படி வருகிறது என்றால், அதில் பாதி ஜன்னல் வழியே கை நீட்டிக் காட்டும் இடங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று விவரம் எழுத்தில் வாங்குங்கள்: வண்டியை விட்டு இறங்குகிறோமா, எத்தனை நிமிடம், உள்ளே போகும் டிக்கெட் இதில் சேர்த்தியா. ‘வெளிப்புறப் பார்வை’, ‘போகும் வழியில்’ என்று போட்டிருந்தால் இறங்கப்போவதில்லை என்று அர்த்தம்.

வண்டி எவ்வளவு பெரியது என்பதையும் கேளுங்கள். 50 பேர் பஸ் குறுகலான தெருவுக்குள் போகாது. தெருமுனையில் இறக்கிவிட்டு நடக்கச் சொல்வார்கள், அந்த நடையும் உங்கள் நிமிடக் கணக்கில்தான் சேரும்.

கேள்வி: ஸ்டுடியோவைக் காலையில் வைத்துக்கொள்வதா, மாலையிலா?

செட் போட்டுப் படம் எடுக்கும் மூடிய கூடமான ஃப்ளோருக்குள் வெயிலும் மழையும் ஒன்றுதான். அதனால் காலை வெளிச்சத்தை வெளிப்புற இடங்களுக்குக் கொடுத்துவிட்டு, நேர் மேலே வெயில் அடிக்கும் மதிய நேரத்தை ஸ்டுடியோவுக்கு ஒதுக்குவது நல்ல வழக்கம். சிக்கல் ஒன்று உண்டு. பல ஸ்டுடியோக்களில் டிக்கெட்டிலேயே நுழைவு நேரம் அச்சிட்டிருக்கும். இரண்டு மணி நுழைவு என்றால் ஒரு மணிக்கு வாசலில் இருப்பது போல அட்டவணை இருக்க வேண்டும். சாலை நெரிசலைக் காரணம் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

லண்டனுக்கு வெளியே லீவ்ஸ்டன் ஸ்டுடியோவில் உள்ள ஹாரி பாட்டர் அரங்குகளுக்கு முன்பதிவு இல்லாமல் போய் நிற்பதில் பயனே இல்லை. வாசலில் டிக்கெட் விற்பதில்லை. யூஸ்டன் நிலையத்திலிருந்து வாட்ஃபர்ட் ஜங்ஷனுக்கு ரயிலில் சுமார் 20 நிமிடம், அங்கிருந்து ஸ்டுடியோ பஸ்ஸில் கால் மணி நேரம். உள்ளே மூன்றரை முதல் நாலு மணி நேரம் ஆகும். அதே நாளில் இங்கிலாந்தின் மறுகோடியில் படப்பிடிப்பு நடந்த ஒரு கோட்டையையும் காட்டுகிறோம் என்று யாராவது சொன்னால், இரண்டில் ஒன்றை ஓட்டமாக ஓடித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

ஹாலிவுட் யுனிவர்சல் ஸ்டுடியோவில் மட்டும் மதியத்துக்கு விடாமல் ஸ்டுடியோவைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். அங்கே ஸ்டுடியோவை டிராம் வண்டியில் உட்கார வைத்துச் சுற்றிக் காட்டுவார்கள், சுமார் ஒரு மணி நேரம். கடைசி டிராம், அங்குள்ள கேளிக்கைப் பூங்கா மூடும் நேரத்துக்கு வெகு முன்பே கிளம்பிவிடும். மற்ற விளையாட்டுகளில் நேரத்தை விட்டுவிட்டு மாலையில் டிராமுக்கு வந்து ஏமாறுகிறவர்கள் நிறைய.

கேள்வி: படத்தில் கதவைத் திறந்தால் அழகான வீடு. நேரில் போன உறவினர், கதவுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்கிறார். ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. படத்திலும் அங்கே ஒன்றும் இருந்திருக்காது. வெளிப்புறம் ஓரிடம், உட்புறம் வேறொரு ஊரில் போட்ட செட். நடிகர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைவதற்கும் அடுத்த ஷாட்டில் கூடத்தில் நிற்பதற்கும் நடுவே சில மாதங்களும் சில நூறு கிலோமீட்டரும்கூட இருக்கலாம்.

நியூசிலாந்தில் மாட்டமாட்டா ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஆட்டுப் பண்ணையில் இருக்கும் ஹாபிட்டன், அதாவது ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’, ‘ஹாபிட்’ படங்களுக்காகப் போட்ட கிராம செட், இதற்கு நல்ல உதாரணம். மேட்டில் 44 வட்டக் கதவுகள். பெரும்பாலானவற்றின் பின்னால் இரண்டு பேர் நிற்கும் அளவுக்குத்தான் இடம். உட்புறக் காட்சிகளை வெலிங்டன் ஸ்டுடியோவில் எடுத்தார்கள். உள்ளே போய்ப் பார்க்கும்படி முழு அறைகளோடு வீடு அமைத்தது 2023 டிசம்பரில்தான், அதுவும் பார்வையாளர்களுக்காகவே. முதல் மூன்று படங்களுக்குப் போட்ட செட் பிளைவுட்டும் தெர்மோகோலுமாக இருந்தது. படம் முடிந்ததும் கலைப்பதாகத்தான் திட்டம். அடுத்த மூன்று படங்களுக்கு 2009இல் தொடங்கித் திரும்பக் கட்டியபோதுதான் நிலைத்து நிற்கும் பொருட்களால் கட்டினார்கள்.

அங்கே போனால் கதவுகளின் அளவைப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து வீடுகளிலேயே ஒன்று சின்னது, ஒன்று பெரியது. சின்னக் கதவருகே நிறுத்தினால் நடிகர் ராட்சதனாகத் தெரிவார், பெரிய கதவருகே நின்றால் குள்ளமாகிவிடுவார். குன்றின் உச்சியில் நிற்கும் ஓக் மரத்தையும் கவனியுங்கள். அது செயற்கை. இலைகளை ஒவ்வொன்றாகக் கையால் கட்டியிருக்கிறார்கள்.

எந்த ஸ்டுடியோ செட்டுக்குள் போனாலும் முதலில் தலையைத் தூக்கிப் பாருங்கள். பல அறைகளுக்குக் கூரை இருக்காது, விளக்குகள் மேலிருந்து இறங்க வேண்டுமே! பிறகு சுவரின் மூலைக்குப் போங்கள். இரண்டு சுவர் சேரும் இடத்தில் மேலிருந்து கீழே ஒரு நேர்கோடு தெரிந்தால் அது கழற்றக்கூடிய சுவர். கேமராவைப் பின்னுக்குத் தள்ள இடம் வேண்டும்போது அந்தச் சுவரையே தூக்கி வைத்துவிடுவார்கள். முடிந்தால் பின்பக்கமும் போய்ப் பாருங்கள். முன்னால் நூறு வருடத்துக் கருங்கல், பின்னால் மரச்சட்டமும் முட்டுக்கட்டையும் அதில் பென்சிலால் எழுதிய எண்ணும். வழிகாட்டி முன்பக்கத்தில்தான் நின்று பேசுவார். பின்பக்கத்தைக் கேட்டால் சிலர் காட்டுவார்கள்.

கேள்வி: அதே இடத்தில் நின்று எடுத்தாலும் என் போட்டோ படத்தில் வரும் காட்சி மாதிரி வருவதே இல்லை. என் போன் சரியில்லையா?

போன் சரிதான், நிற்கும் தூரம்தான் தப்பு. போனின் முதன்மைக் கேமரா 24 முதல் 26 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சமமான அகலப் பார்வை கொண்டது. திரைப்படத்தில் அதைவிட நீளமான லென்ஸ்தான் அதிகம். அகல லென்ஸ் பின்னணியைத் தூரத் தள்ளிவிடும். படத்தில் கதாநாயகியின் தோளருகே பெரிதாக நின்ற கோபுரம் உங்கள் போட்டோவில் தீப்பெட்டியாகத் தெரிவது இதனால்தான்.

செய்முறை இது. காட்சியின் ஒரு ஃப்ரேமை, அதாவது படத்தை நிறுத்தி எடுத்த ஒரு நிலைப்படத்தை, போனில் சேமித்துக்கொண்டு போங்கள்; அங்கே போய் இணையத்தில் தேடினால் கிடைத்த பத்து நிமிடமும் அதிலேயே போகும். ஃப்ரேமில் மாறாத இரண்டு புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள். கிட்டத்தில் ஒன்று, உதாரணமாக ஜன்னலின் இடது விளிம்பு. தூரத்தில் ஒன்று, கோபுரத்தின் உச்சி. முதலில் இடமும் வலமும் நகர்ந்து, அந்த இரண்டும் ஃப்ரேமில் உள்ளது போலவே ஒன்றுக்கொன்று நேராக வரும்படி நில்லுங்கள். அடுத்து அந்தக் கோட்டிலேயே முன்னும் பின்னும் நடந்து, ஜன்னலுக்கும் கோபுரத்துக்கும் உள்ள அளவு விகிதத்தைச் சரிசெய்யுங்கள். பெரும்பாலும் நினைத்ததைவிடப் பத்துப் பதினைந்து அடி பின்னால் போக வேண்டியிருக்கும். ஜூமைக் கடைசியாகத்தான் தொட வேண்டும், அதுவும் 2 அல்லது 3 மடங்கு. நின்ற இடத்திலிருந்தே ஜூம் செய்தால் படம் பெரிதாகுமே தவிர விகிதம் மாறாது. பலரும் சறுக்குவது இங்கேதான்.

அப்படியும் பொருந்தவில்லை என்றால் உயரத்தைச் சந்தேகப்படுங்கள். கேமரா கிரேனில் இருந்திருக்கும், அல்லது முழங்கால் உயரத்தில். கிரேன் ஷாட்டை விட்டுவிட்டு வேறு ஃப்ரேம் எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். முழங்கால் உயரம் என்றால் போனைத் தலைகீழாகப் பிடியுங்கள், லென்ஸ் தரைக்குக் கிட்டே வரும். வீட்டுக்கு வந்த பிறகு மேலும் கீழும் வெட்டி அகலத்திரை அளவுக்குக் கொண்டுவந்தால் பாதி மாயம் அதிலேயே வந்துவிடும்.

கேள்வி: ஸ்டுடியோவுக்குள் சில இடங்களில் போனையே பைக்குள் வைக்கச் சொல்கிறார்களாமே?

வெளிவராத படத்தின் செட், உடை, பொருள் எதுவும் கசியக் கூடாது என்பதுதான் காரணம். சில ஸ்டுடியோக்களில் லென்ஸ் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஃப்ளோர் கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே காட்சி பதிவாகிக்கொண்டிருக்கிறது. கதவைத் தொடாதீர்கள், வெளியேயும் பேசாதீர்கள். வண்டிகளும் நின்றுவிடும். பதிவு முடிந்ததும் விளக்கு அணையும்.

கேள்வி: ஷூட்டிங்கையும் நட்சத்திரங்களையும் பார்க்க முடியுமா?

பார்க்க முடியும் என்று யாராவது உறுதி கொடுத்தால் அவரிடம் டிக்கெட் வாங்காதீர்கள். ஷூட்டிங் நடக்கும் ஃப்ளோருக்குள் சுற்றுலாக் கூட்டத்தை விடுவது மிக அபூர்வம். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். வார நாளில் போனால் யூனிட் வண்டிகளும் உடை மாட்டிய துணை நடிகர்களும் நடமாடுவார்கள், ஆனால் பல ஃப்ளோர்கள் பூட்டியிருக்கும். வேலை இல்லாத நாளில் ஸ்டுடியோ வெறிச்சென்று இருக்கும், ஆனால் அதிக இடங்களுக்குள் விடுவார்கள். செட்டைப் பார்க்கவேண்டும் என்றால் இரண்டாவதுதான் சரி.

கேள்வி: பணம் கட்டிய பிறகு இடமே மூடப்பட்டால்?

இயற்கை இடங்களில் இது நடக்கும். தாய்லாந்தின் மாயா விரிகுடா ஒரு படத்தால் புகழ்பெற்று, கூட்டம் தாங்காமல் பவளப்பாறை நாசமானதால் 2018 ஜூனில் மூடப்பட்டது. 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். அதன் பிறகும் ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடுகிறார்கள். படகு விரிகுடாவுக்குள் நுழையக் கூடாது; தீவின் பின்பக்கம் இறங்கி நடக்க வேண்டும்.

‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் வந்த அயர்லாந்தின் ஸ்கெலிக் மைக்கேல் தீவு இன்னும் கறார். ஏறக்குறைய மே நடுவிலிருந்து செப்டம்பர் முடிய மட்டும், ஒரு நாளைக்கு 180 பேர் மட்டும். கடல் கொந்தளித்தால் அன்று காலையில்கூட ரத்தாகும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. படகுச் சுற்றுலா இரண்டு வகை: தீவில் இறங்குவது ஒன்று, தீவைச் சுற்றிவிட்டுத் திரும்புவது இன்னொன்று. பெயர்கள் ஒரே மாதிரி இருக்கும். மலிவாகக் கிடைத்ததே என்று இரண்டாவதை வாங்கிவிட்டு, படிகளைக் கடலில் இருந்தபடியே பார்த்துத் திரும்புகிறார்கள். ‘இறங்குவது’ என்ற சொல் டிக்கெட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். வானிலையால் ரத்தானால் முழுப்பணமா, வேறு தேதியா என்பதையும் முன்பே கேளுங்கள். வேறு தேதி மட்டும்தான் என்றால் வெளியூர்க்காரருக்கு அது பணம் போன மாதிரிதான்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி, கூடவே ஐந்து வயதுக் குழந்தை. சமாளிக்க முடியுமா?

அதே ஸ்கெலிக்கில் 618 கல்படி, பெரும்பகுதிக்குக் கைப்பிடி கிடையாது. அம்மாவை அழைத்துப் போகாதீர்கள். ஹாபிட்டன் மேடும் பள்ளமுமான சரளைப் பாதை, மெதுவாக நடந்தால் முடியும். ஸ்டுடியோக்கள்தான் சமதளம் என்று நினைத்து ஏமாறுவோம். நாலு மணி நேரம் சிமென்ட் தரையில் நின்று நின்று நடப்பது மலையேற்றத்தைவிட முழங்காலைச் சோதிக்கும். சக்கர நாற்காலி வாடகைக்கோ இலவசமாகவோ கிடைக்குமா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

குழந்தைக்கு டிராம் சுற்று பிடிக்கும், ஆனால் யுனிவர்சலில் திடீரென்று வெள்ளம் பாயும், சுறா எழும், நிலநடுக்கம் போல டிராமே குலுங்கும். நடுவில் இறங்க முடியாது. ஏறுவதற்கு முன்பே குழந்தையைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய், ஓரத்தில் இல்லாமல் நடுவில் உட்கார வையுங்கள்.

கேள்வி: வழிகாட்டி சொல்வதெல்லாம் உண்மையா?

‘இங்கேதான் எடுத்தார்கள்’, ‘இதைப் பார்த்துத்தான் செட் போட்டார்கள்’, ‘இதைப் பார்த்துத்தான் கதையே எழுதினார்கள்’ என்ற மூன்றும் வேறு வேறு. மூன்றாவதில்தான் கயிறு திரிப்பது அதிகம். போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் ஒரு பழைய புத்தகக் கடை, ஹாரி பாட்டர் பள்ளிக்கு அதுதான் முன்மாதிரி என்ற பேச்சால் பல வருடம் வரிசை கட்டியது. தான் அந்தக் கடைக்குப் போனதே இல்லை என்று 2020இல் ஹாரி பாட்டர் கதைகளை எழுதியவரே சொல்லிவிட்டார். கடை என்னவோ அழகுதான், படிக்கட்டுக்காகவே போகலாம்.

வழிகாட்டியிடம் ‘எந்தக் காட்சி, கேமரா எந்தப் பக்கம் பார்த்தது?’ என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர் உங்களை இரண்டடி நகர்த்தி நிறுத்தி, கையிலுள்ள டேப்லெட்டில் அந்த ஃப்ரேமையும் காட்டுவார். மற்றவர் நடிகரின் குணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.