புது டயர் என்று விற்ற பழைய டயர்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: என்னிடம் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. 2024 நவம்பரில் நான்கு டயர்களையும் மாற்றினேன். “எல்லாம் ஃப்ரெஷ் ஸ்டாக் சார், பெர்ஃபாமன்ஸ் டயர்” என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். 9,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. முன் டயர்களின் உள்விளிம்பு மொட்டையாகிவிட்டது, இரைச்சலும் தாங்கவில்லை. வண்டியை லிஃப்ட்டில் ஏற்றியபோதுதான் பார்த்தேன்: முன் டயர்களில் 1824, பின் டயர்களில் 3920 என்று இருக்கிறது. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாதுன்னு பில்லிலேயே போட்டிருக்கே” என்கிறார் கடைக்காரர். தேய்மானத்துக்கு வாரண்டி கிடையாது என்கிறது கம்பெனி. நான்குக்கும் பணம் கேட்டு வழக்குப் போடலாமா? ஒருமுறை ரேஸ் டிராக்கில் ஓட்டியிருக்கிறேன். அதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா?

பதில்: வழக்குப் போடலாம், ஆனால் நான்குக்கும் வேண்டாம். முன் டயர் கதை வேறு, பின் டயர் கதை வேறு. இரண்டையும் ஒரே மனுவில் குழப்பினால் வலுவான பாதியும் சேர்ந்து பலவீனமாகும்.

முன் டயர்களை முதலில் ஓரம் கட்டிவிடுவோம். பெர்ஃபாமன்ஸ் டயரின் ரப்பர் மென்மையானது. சாலையைக் கவ்விப் பிடிப்பதும் அந்த மென்மையால்தான், சீக்கிரம் தேய்வதும் அதனால்தான். இரைச்சலும் அந்த ரகத்தோடு கூடவே வருவது. அது குறைபாடு ஆகாது. அதிலும் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால், டயரைவிட சக்கரங்களின் கோணத்தின் மேல்தான் சந்தேகம் விழும். அந்தக் கோணத்தைச் சரிபார்ப்பதுதான் அலைன்மென்ட். நீங்கள் பெருமையாக இணைத்து அனுப்பிய அலைன்மென்ட் ரிப்போர்ட்டே எதிர்த்தரப்புக்கு முதல் சாட்சி! ஒரே ஒரு வழி உண்டு. டயர் மாட்டிய அன்றே அலைன்மென்ட்டுக்கும் சேர்த்து அந்தக் கடை பணம் வாங்கியிருந்தால், அதைச் சேவைக் குறைபாடு என்று தனியாகக் கேட்கலாம்.

இனி பின் டயர்கள். டயர் பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம்தான் அதன் பிறந்த நாள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3920 என்றால் 2020-ஆம் ஆண்டின் 39-வது வாரம். நீங்கள் வாங்கியபோது அதற்கு நான்கு வயது தாண்டிவிட்டது. முழுக் குறியீடு பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து மாட்டிவிட்டால் நின்றபடி யாருக்கும் தெரியாது. “ஏன் அன்றே பார்க்கவில்லை” என்ற கேள்விக்கு இதுவே உங்கள் பதில்.

தேதி பழையது என்பது மட்டும் போதாது, ‘ஃப்ரெஷ் ஸ்டாக்’ என்று சொல்லி விற்றார்களே, அதுதான் உங்கள் பிடி. பழைய பொருளைப் புதியது என்று பொய்யாகச் சொல்லி விற்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பிரிவு 2(47)-இன்படி முறையற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அதே பிரிவில்தான் வருகிறது. பில்லின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி அச்சடித்துவிட்டால் சட்டம் மாறிவிடாது.

நீங்கள் கவனிக்காத ஒன்று, அனுப்பிய படத்தைப் பெரிதாக்கியபோது கண்ணில் பட்டது. வண்டியின் கையேட்டில் 94 ஒய். பின் டயர்களில் 91 டபிள்யூ. 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும், 91 என்றால் 615. ஒய் 300 கிலோமீட்டர் வேகத்துக்கு, டபிள்யூ 270-க்கு. “நம் சாலையில் யார் 300-ல் போகிறார்கள்?” என்று கடையின் வக்கீல் கேட்பார். வேகத்தை விடுங்கள், வண்டித் தயாரிப்பாளர் கேட்ட எடைத் தாங்குதிறனே இல்லையே. நாளை விபத்து என்றால் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இது ஒரு சாக்கு. எனக்குத் தேதியைவிட இது பெரிய விஷயமாகப் படுகிறது. மனுவில் இதையே முதலில் வையுங்கள்.

டிராக் விஷயம். மறைக்காதீர்கள். உங்கள் தரப்பைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லப் போகிறீர்கள். அன்று எடுத்த படத்தை நீங்களே இணையத்தில் போட்டிருப்பீர்கள் என்று என் அனுபவம் சொல்கிறது. முன் டயர் தேய்மானத்தைக் கேட்டால்தான் அது உங்களுக்கு எதிராகத் திரும்பும். டிராக்கில் ஓட்டியதால் 2020 டயர் 2024 டயர் ஆகிவிடாது, 91 என்பது 94 ஆகாது. பின் டயர்களை மட்டும் கேட்கும் வரை அந்த ஒரு நாள் உங்களை ஒன்றும் செய்யாது.

வழக்கு உங்கள் ஊரிலேயே போடலாம். நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. காலக்கெடு இரண்டு ஆண்டு. வாங்கிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், பாதுகாப்பு. முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்துக் கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் ஒரு புகார் போட்டு வையுங்கள், சில கடைகள் அதிலேயே இறங்கி வரும். மனுவில் கடை முதல் எதிர்த்தரப்பு. கம்பெனியை இரண்டாவதாகச் சேர்க்கலாம், ஆனால் பொய் சொன்னது கடைதான். பின் டயர் இரண்டின் விலை, மாட்டுக்கூலி, ஓரளவு இழப்பீடு, வழக்குச் செலவு: நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது இவ்வளவே.

பில் யார் பெயரில் என்று பாருங்கள். தொழில் நிறுவனத்தின் பெயரில் இருந்தால் வணிக நோக்கம் என்று முதல் ஆட்சேபம் வரும், சொந்தப் பயன்பாடு என்று காட்ட ஆவணம் தேவைப்படும்.

பின் டயர்களைக் கழற்றி வேறு மாட்டுங்கள். கழற்றியதைப் பழைய டயர் வியாபாரியிடம் போட்டுவிடாதீர்கள். தேதியும் எடைக்குறியும் தெரியப் படம் எடுத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். “பரிசோதனைக்கு அனுப்பணும், கொடுங்க” என்று கடைக்காரர் கேட்டால், வரிசை எண் எழுதிய ரசீது இல்லாமல் கையை விட்டு விடாதீர்கள்.