உப்புத் தண்ணீர் ஊரில் வீட்டுச் சோப்பும் சீயக்காயும்: கேள்வி பதில்

வீட்டுக்கு வேண்டிய சோப்பு, சீயக்காய்த் தூள், தரை துடைக்கும் கரைசல் எல்லாவற்றையும் நானே செய்துகொள்வதால், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இங்கே மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீர். வேறு ஊர்க்காரர் சொல்லும் பக்குவம் நம் வீட்டில் சொதப்புவதற்குப் பாதிக் காரணம் அதுதான். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஓசூர், அடுக்குமாடிக் குடியிருப்பு: அக்கா, வீட்டில் செய்த தேங்காய் எண்ணெய் சோப்பைத் தலைக்குப் போட்டால் முடி பிசுபிசு என்று ஒட்டிக்கொள்கிறது. எத்தனை தடவை அலசினாலும் போகவில்லை. சோப்பு சரியில்லையா?

சோப்பில் குறை இல்லை, தண்ணீரில்தான். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் கரையாத ஒரு பிசுக்கு உண்டாகும். பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் உங்கள் தலையிலும் படிகிறது. மேலே மேலே அதே தண்ணீரை ஊற்றினால் எப்படிப் போகும்?

சீயக்காய்க்கும் அரப்புக்கும் இந்தத் தொல்லை கிடையாது. அவற்றில் நுரை தருவது சபோனின். அது கால்சியத்தோடு கூட்டுச் சேராது. சீயக்காய் கொஞ்சம் புளிப்புத் தன்மை உள்ளது என்பதால் முடியும் படிந்து நிற்கும். நான் அரைக்கும் அளவு: சீயக்காய் 1 கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் 100 கிராம், நிழலில் காயவைத்த செம்பருத்தி இலையும் பூவும் இரண்டு கைப்பிடி, வாசத்துக்குப் பூலாங்கிழங்கு 50 கிராம். சீயக்காயை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் போட்டு, கையில் ஒடித்தால் படக்கென்று சத்தம் வரும் பக்குவத்தில் மில்லுக்கு எடுத்துப் போங்கள். ஈரம் இருந்தால் மாவு மெஷினில் அப்பிக்கொள்ளும், மில்காரர் உங்களைத் திட்டுவார். மிளகாய் அரைக்கும் மெஷினில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அடுத்த எண்ணெய்க் குளியல் மறக்கவே மறக்காது.

அரப்பு என்றால் உசிலை மரத்து இலை. நம் பக்கத்துக் காட்டோரங்களில் தாராளமாக இருக்கிறது, சந்தையிலும் தூளாகவே கிடைக்கும். வடிகஞ்சியில் குழைத்துத் தேய்த்தால் எண்ணெய் முழுதாகப் போகும். வறண்ட முடிக்காரர்கள் வாரம் ஒரு முறைக்கு மேல் போட வேண்டாம். நீங்கள் அடுக்குமாடியில் இருப்பதால் இன்னொன்று: தூளை அப்படியே தேய்த்தால் குளியலறைக் குழாய் அடைக்கும். வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, துணியில் வடிகட்டி அந்தத் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரி: சீசனில் வீடு நிறைய மாம்பழத் தோல். பழத்தோல் என்சைம் செய்ய இதைப் போடலாமா?

புளிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தரை துடைக்க எலுமிச்சை, சாத்துக்குடி, நாரத்தைத் தோலுக்குப் பெயர் வந்ததே தோலில் இருக்கும் எண்ணெயால்தான். பிசுக்கை இளக்குவதும் வாசம் தருவதும் அந்த எண்ணெய். மாந்தோலில் அது இல்லை. அதோடு மாம்பால் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும். காம்புப் பால் பட்டு உதடு வெந்தவர்களைக் கேட்டால் தெரியும். மாந்தோல் உரக்குழிக்கு, என்சைமுக்கு ஜூஸ் கடைக்காரர் தூக்கிப்போடும் சாத்துக்குடித் தோல்.

அளவு தெரியாதவர்களுக்கு: வெல்லம் 100 கிராம், தோல் 300 கிராம், தண்ணீர் 1 லிட்டர். பெரிய பிளாஸ்டிக் டப்பாவில், மேலே கால் பங்கு இடம் விட்டு மூடி, 3 மாதம். முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியே விட வேண்டும். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், வெடிக்கும். மேலே வெள்ளை ஏடு படிந்தால் பயமில்லை. கறுப்புப் பூஞ்சை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். துடைக்க அரை வாளித் தண்ணீருக்கு 50 மில்லி போதும். இது கிட்டத்தட்ட வினிகர் மாதிரியான ஒரு புளிப்புக் கரைசல், அவ்வளவுதான். குடித்தால் நோய் தீரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிளீச்சிங் பவுடர் இருக்கும் வாளியில் இதை ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

பாலக்கோடு: 1 லிட்டர் செக்குத் தேங்காய் எண்ணெய், 180 கிராம் காஸ்டிக் சோடா போட்டு சோப்பு செய்தேன். ஒரு மாதம் ஆகியும் கை எரிகிறது. இன்னும் காயவிட வேண்டுமா?

காயவிட்டால் தீராது தம்பி, கணக்கு இடிக்கிறது. சோப்புக் கணக்கு எல்லாமே எடையில். 1 லிட்டர் தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 920 கிராம்தான் இருக்கும். 1 கிராம் தேங்காய் எண்ணெய் முழுக்கச் சோப்பாக 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அப்படியானால் 920 கிராமுக்கு 168 கிராம். நீங்கள் 12 கிராம் கூடப் போட்டிருக்கிறீர்கள், அது சேர ஆள் இல்லாமல் சோப்புக்குள் உட்கார்ந்து உங்கள் கையைக் கடிக்கிறது. சரியாக 168 போட்டாலும் போதாது. கொஞ்சம் எண்ணெய் மிஞ்ச வேண்டும் என்பதால் 5 சதவீதம் குறைத்து 160 கிராம் போடுவதுதான் வழக்கம்.

தூக்கிப்போட வேண்டாம், காப்பாற்றலாம். சோப்பை எல்லாம் துருவி, எவர்சில்வர் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, சிறு தீயில் இளக்குங்கள். 115 கிராம் எண்ணெய் சேர்த்து, கூழ் மாதிரி ஒரே சீராக வரும்வரை கிளறி, அச்சில் ஊற்றி மறுபடி 4 வாரம் காயவிடுங்கள். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் கிட்டே போகாதீர்கள். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். அடுத்த முறை செய்யும்போது காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் கொட்ட வேண்டும். தண்ணீரைக் காஸ்டிக்கின் மேல் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

சோப்பில் காஸ்டிக் மிஞ்சியிருக்கிறதா என்று மஞ்சள் தடவிப் பார்த்துச் சோதிக்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். நல்ல சோப்பிலும் மஞ்சள் சிவக்கத்தான் செய்யும், அதனால் பயனில்லை. ‘காஸ்டிக் இல்லாத இயற்கைச் சோப்பு’ என்று விற்பதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். காரம் சேராமல் சோப்பே கிடையாது. அவர்கள் வாங்கி உருக்கும் கட்டியில் வேறு யாரோ ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்கள்.

அரூர்: சோடா உப்பில் எலுமிச்சை பிழிந்தால் பொங்கி வருகிறதே, அதில் டாய்லெட் பளிச்சென்று ஆகுமா?

பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும். பொங்கி அடங்கியதும் மிஞ்சுவது சாரமில்லாத ஒரு உப்புக் கரைசல்தான், ஏனென்றால் புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டன. எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடா உப்பைத் தனியாகப் போடுங்கள், உப்புக் கறைக்கு எலுமிச்சையைத் தனியாக.

பென்னாகரம்: பையனுக்கு 9 வயது, முன்பல்லில் பழுப்புக் கோடுகள். பேஸ்டை நிறுத்திவிட்டு வீட்டுப் பல்பொடிக்கு மாற்றினால் போகுமா?

போகாது தங்கச்சி. இதை நேராகவே சொல்லிவிடுவது நல்லது. நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடுவது) தடுப்பு என்று இருப்பது அதனால்தான். அந்தத் தண்ணீர் 2013 முதல் வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. பல் ஈறுக்குள் உருவாகும் வயதில் அதற்கு மேல் உடம்பில் சேர்ந்தால் எனாமலிலேயே கறை விழுந்துவிடும். மேலே ஒட்டிய அழுக்கு என்றால் தேய்த்து எடுக்கலாம், இது பல்லோடு பிறந்தது. கரித்தூள், செங்கல் தூள், சாம்பல் என்று எதையாவது போட்டுத் தேய்த்தால் எனாமல் தேய்ந்து கூச்சம்தான் மிச்சம்.

முதலில் குடிக்கிற, சமைக்கிற தண்ணீரைப் பாருங்கள். போர் தண்ணீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும். குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரைக் குடிக்கவும் சோறாக்கவும் ஒதுக்கிவிட்டு, போர் தண்ணீரைத் துவைக்க வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகள் பேஸ்டை விழுங்காமல் துப்புகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பழுப்புக் கோட்டுக்குப் பல் மருத்துவரிடம் வழி இருக்கிறது.

பெரியவர்களுக்குப் பல்பொடி கேட்டவர்களுக்கு: கருவேலம்பட்டை, கிராம்பு, துளி இந்துப்பு. மாவாக அரைத்து, மெல்லிய துணியில் சலித்தது மட்டும்தான் வாய்க்குள் போகலாம். விரலிடையில் தேய்த்துப் பார்த்து நெருநெரு என்றால் மறுபடி சலியுங்கள்.

காவேரிப்பட்டினம்: குழாயில் வெள்ளைப் படிவு, பித்தளைக் குடத்தில் கறுப்பு. இரண்டுக்கும் கடைச் சாமான் இல்லாமல் வழி?

இரண்டுக்கும் ஒரே மருந்து, புளி. புளி விளையும் ஊரில் இருந்துகொண்டு காசு கொடுத்துப் பாட்டில் வாங்குவானேன்? ரசத்துக்குக் கரைத்துப் பிழிந்த சக்கையைக் கொட்டாமல் ஒரு டப்பாவில் சேருங்கள். பித்தளையில் சக்கையோடு கொஞ்சம் கல்லுப்பு வைத்துத் தேய்த்தால், கறுப்பு உங்கள் விரலுக்குக் கீழேயே கரைந்து செம்மஞ்சளாக வெளிவரும். உடனே கழுவித் துணியால் துடைக்க வேண்டும், ஈரத்தோடு கவிழ்த்தால் மறுநாளே புள்ளி விழும். குழாய்க்குச் சக்கையைத் துணியில் வைத்து அரை மணி நேரம் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

ஆனால் சமையல் மேடை கடப்பா கல் என்றால் புளி, எலுமிச்சை, வினிகர், மேலே சொன்ன என்சைம் எதுவும் அதன் மேல் வேண்டாம். கடப்பா கல் சுண்ணாம்புக் கல், புளிப்புப் பட்டால் மங்கலாகித் திட்டு விழும். மார்பிளும் அப்படித்தான். நம்ம ஊர் கிரானைட் தாங்கும்.

தேன்கனிக்கோட்டை: கொசுவுக்கு நொச்சி, வேப்பிலைப் புகை போடுகிறோம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் போடலாமா?

குழந்தை இருக்கும் அறையில் வேண்டாம். எந்த இலையை எரித்தாலும் புகை புகைதான், நுரையீரல் பெயர் கேட்டு உள்ளே விடுவதில்லை. கற்பூரத்தை எண்ணெயில் கரைத்துக் குழந்தைக்குத் தடவுவதும் ஆபத்து. வலை கட்டுங்கள். டெங்குக் கொசு பகலில் கடிப்பது, சாயங்காலப் புகையால் அதற்கு ஒன்றும் ஆகாது. மூடாத டிரம், தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் ஆகியவற்றை வாரம் ஒரு முறை கவிழ்ப்பதுதான் வேலை செய்யும்.

நொச்சி இலையைக் காயவைத்துப் பயறு மூட்டைக்குள் போடுங்கள், அங்கே அது நல்ல காவல்காரன்.

காரிமங்கலம்: பூந்திக்கொட்டையை வாஷிங் மெஷினில் போடலாமா?

தாராளமாக. கொட்டையை எடுத்துவிட்டுத் தோல் மட்டும், ஏழெட்டு. இரவே அரை சொம்பு வெந்நீரில் ஊறவைத்து, காலையில் பிசைந்து வடிகட்டி ஊற்றுங்கள். நுரை கம்மியாகத்தான் வரும். நுரையை வைத்துச் சுத்தத்தை அளக்கும் பழக்கத்தை விட்டால் பாதிப் பிரச்சினை தீரும். கலர்த் துணி, பட்டு, கம்பளிக்கு இது அருமை. பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைக் காலருக்கு இதை நம்பாதீர்கள், அதற்குச் சோப்பு வேண்டும். கரைசல் வெளியே இரண்டு நாளில் நாறும், ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வரும். துவைத்த தண்ணீரை வாழைக்கு விடலாம். மீன் இருக்கும் குட்டையில் விடக்கூடாது, சபோனின் மீனைக் கொல்லும்.

பாப்பிரெட்டிப்பட்டி: மகளுக்குத் துணி நாப்கின் தைத்துக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். சுத்தமாக வைப்பது எப்படி?

பழைய பருத்தி வேட்டியை ஆறேழு மடிப்பு, மேலே புதுப் பருத்தித் துணி. பச்சைத் தண்ணீரில் முதலில் அலசுங்கள், வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். அப்புறம் சோப்பு. முக்கியம், காயவைப்பது. வெட்கப்பட்டுக்கொண்டு புடவைக்கு அடியில் ஒளித்துப் போட்டால் ஈரம் தங்கிக் கிருமி வளரும். நல்ல வெயிலில், வெளிப்படையாகப் போடச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது முகம் சுளித்தால் அவர்களையே எடுத்து மடிக்கச் சொல்லலாம்.

ஊத்தங்கரை: எங்கள் மகளிர் குழுவில் குளியல் சோப்பு செய்து விற்க ஆசை. ஏதாவது அனுமதி வேண்டுமா?

வேண்டும். குளியல் சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருள். விற்பதற்குத் தயாரிக்க, 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் எடுக்க வேண்டும். அட்டையில் ‘சொறி, படை தீரும்’ என்று போட்டால் அது மருந்துக் கணக்கில் போய்விடும், அந்த வம்பு வேண்டாம். ஒவ்வொரு முறை ஊற்றிய தேதி, எண்ணெய் எடை, காஸ்டிக் எடை மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். யாராவது கை எரிகிறது என்று வந்தால் எந்த அச்சு என்று தேட அதுதான் உதவும்.

மத்தூர்: பாத்திரம் தேய்க்கத் தேங்காய் நாரா, பீர்க்கன் கூடா?

அடிப்பிடித்த பாத்திரத்துக்கும் இரும்புக் கல்லுக்கும் நார். கண்ணாடி டம்ளருக்கும் எவர்சில்வருக்கும் பீர்க்கன் கூடு. நான்-ஸ்டிக் தவாவுக்கு நாரும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம். வேலியில் ஒரு நுரைப்பீர்க்குக் கொடி ஏற்றிவிட்டு, நாலைந்து காயைப் பறிக்காமல் முற்றிக் காய விட்டுவிடுங்கள். குலுக்கினால் விதை கலகல என்று ஆடும்போது பறித்துத் தோலை உரித்தால், அடுத்த வருடத்துக்கு விதையும் கிடைத்துவிடும்.